ஸ்டெம் செல்லுக்குள் ஷட்டர் தூக்குவது யார்?

"ஒரு ஊசி போட்டா சுகர் போயிடுமாம் சார். ஸ்டெம் செல்லாம். எதுவா வேணும்னாலும் மாறுமாமே?"

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு டீக்கடை. கேட்டவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன். உய்யக்கொண்டான் வாய்க்காலில் ஷட்டர் ஏற்றி இறக்கியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். கையில் சர்க்கரை போடாத டீ, கைபேசியில் யாரோ அனுப்பிய வீடியோ. நான் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். 'அதெல்லாம் நம்பாதீங்க' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. பாதி உண்மையை ஒரு வரியில் மறுக்க முடியாது. அதனால் இரண்டாவது டீக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

கருவுற்ற மனித முட்டை ஐந்தாறு நாளில் ஒரு சிறு உருண்டையாகிறது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத புள்ளி அளவு. அதன் வெளிச்சுவரில் இருக்கும் செல்கள் நஞ்சுக்கொடியாகப் போகின்றன. உள்ளே ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு திரளிலிருந்துதான் குழந்தையின் உடம்பு உருவாகும். அந்தத் திரளைப் பிரித்தெடுத்துக் கிண்ணத்தில் வளர்த்தால் அது கருவின் ஸ்டெம் செல். நம் பாடப்புத்தகங்கள் குருத்தணு என்கின்றன. எலியிலிருந்து இதை முதலில் எடுத்தது 1981ல்: இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவன்ஸும் மாத்யூ காஃப்மனும், அமெரிக்காவில் தனியாக கெயில் மார்ட்டினும். மனிதக் கருவிலிருந்து எடுத்தவர் ஜேம்ஸ் தாம்சன், 1998ல். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தில் மனீஷா இனாம்தார் குழு, குழந்தைப்பேறு சிகிச்சையில் பயன்படாது என்று ஒதுக்கப்பட்ட கருக்களிலிருந்து இரண்டு செல் வரிசைகளை உருவாக்கி 2009ல் அறிவித்தது.

"அப்ப எதுவா வேணும்னாலும் மாறும்ங்கறது நெஜந்தானே?"

"நெஜம்தாண்ணே. எப்படி மாறுதுங்கறதுலதான் விஷயமே இருக்கு."

உடம்பின் எந்தச் செல்லை எடுத்தாலும் அநேகமாக அதே டிஎன்ஏதான். இருபதாயிரம் அளவில் ஜீன்கள். இன்சுலின் செய்யச் சொல்லும் ஜீன் பதினோராவது குரோமோசோமில் இருக்கிறது. அது கணையத்தில் மட்டும் இல்லை; அண்ணனின் கண்ணில் இருக்கிறது, ஈறில் இருக்கிறது, குதிகாலில் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் அது சும்மா கிடக்கிறது. கணையத்தின் பீட்டா செல்லில் மட்டும் வேலை செய்கிறது. ஜீனிலிருந்து ஆர்என்ஏ என்ற நகல் எடுக்கப்பட்டு, அந்த நகலைப் பார்த்துப் புரதம் செய்யப்பட்டால்தான் ஜீன் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். "வாய்க்கால்ல தண்ணி நிக்கறதும் வயலுக்குப் பாயறதும் வேற வேற சார். எந்த ஷட்டரைத் தூக்கறோம், எத்தனை இஞ்சு தூக்கறோம்ங்கறதுலதான் எவன் வயல் நனையும்ங்கறது இருக்கு."

இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு ஜீனுக்கும் பக்கத்திலோ, சில சமயம் வெகுதூரம் தள்ளியோ, ஷட்டர் போன்ற டிஎன்ஏ பகுதிகள் உண்டு. அவற்றில் வந்து உட்கார்ந்து நகலெடுப்பை ஏற்றவோ இறக்கவோ செய்யும் புரதங்களுக்குப் படியெடுத்தல் காரணிகள் என்று பெயர். அவர்கள்தான் இங்கே லஸ்கர்கள். மனித உடம்பில் சுமார் 1,600 வகை உண்டு. ஒரு செல் தோல் செல்லா, நரம்புச் செல்லா என்பதைத் தீர்மானிப்பது, அந்த நேரத்தில் அங்கே எந்தெந்தக் காரணிகள், எவ்வளவு, எந்த ஷட்டரில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான்.

கருவின் ஸ்டெம் செல்லில் மூன்று பெயர்கள் முக்கியம்: ஆக்ட்4, சாக்ஸ்2, நானாக். இவை எப்படித் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கின்றன? டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் ஓடும் வரி. ஆக்ட்4 தேடுவது எட்டு எழுத்து. கடையில் கிடந்த பழைய நாளிதழின் ஓரத்தில் எழுதிக் காட்டினேன்: ஏ-டி-ஜி-சி-ஏ-ஏ-ஏ-டி. நான்கு எழுத்துகளைக் கொண்டு எட்டெழுத்துச் சொற்கள் 65,536 செய்யலாம். மனித டிஎன்ஏவின் நீளம் 300 கோடி எழுத்து. ஆக, தற்செயலாகவே இந்தச் சொல் ஒரு இழையில் மட்டும் 45,000 இடங்களுக்கு மேல் வந்துவிடும். அத்தனையிலும் உட்கார்ந்தால் செல் தாறுமாறாகிவிடும்.

அதற்குச் செல் வைத்திருக்கும் ஏற்பாடு, ஜோடி. சாக்ஸ்2 தேடுவது சி-டி என்று தொடங்கியோ சி-ஏ என்று தொடங்கியோ வரும் ஏழெழுத்து: சி-ஏ-டி-டி-ஜி-டி-டி. ஸ்டெம் செல்லின் முக்கியமான பல ஷட்டர்களில் இந்த ஏழும் அந்த எட்டும் ஒட்டி ஒட்டி வருகின்றன. இரண்டு புரதங்களும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்தால்தான் பிடி நிற்கும். பதினைந்து எழுத்தும் பிசகாமல் வருவது கணக்குப்படி ஒற்றை இலக்கத்தில் அடங்கிவிடும். ஒன்றிரண்டு எழுத்து மாறினாலும் இவை ஒத்துக்கொள்வதால், நடைமுறையில் அவை உட்காரும் இடங்கள் சில ஆயிரம்.

"உக்காந்தா உக்காந்ததுதானா?"

அதுதான் இல்லை. 2014ல் அமெரிக்காவில் ஒரு குழு, உயிரோடிருக்கும் எலி ஸ்டெம் செல்லுக்குள் ஒற்றை சாக்ஸ்2 மூலக்கூறுகளை ஒளிரவைத்துப் பின்தொடர்ந்தது. ஒரு மூலக்கூறு செல்லின் உட்கருவில் மூன்று நான்கு விநாடி மிதக்கும், எங்காவது முட்டும், ஒரு விநாடிக்குள் விட்டுவிடும், மறுபடி மிதக்கும். இப்படித் தொண்ணூறு தடவை போல முட்டி மோதிய பிறகுதான் சரியான இடம் அகப்படும். அகப்பட்டாலும் அங்கே இருப்பது 12 முதல் 15 விநாடி. பிறகு கிளம்பிவிடும், வேறொன்று வரும். நாம் 'ஸ்டெம் செல்' என்று ஒரு பெயர் சொல்லி நிறுத்திவிடுகிறோம். உள்ளே அது ஒவ்வொரு நிமிஷமும் ஆள் மாறி ஆள் வந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலை.

உட்கார்ந்த காரணி தானே நகலெடுப்பதில்லை. அது துணைப் புரதங்களைச் சேர்க்கிறது. டிஎன்ஏ வளைந்து, தூரத்திலிருந்த ஷட்டர் பகுதி ஜீனின் வாசலுக்கு வருகிறது. அங்கே ஆர்என்ஏ பாலிமரேஸ் என்ற நொதி நகலெடுக்கத் தொடங்குகிறது. சில காரணிகள் இதற்கு நேர்மாறான புரதங்களைக் கூட்டிவந்து ஜீனை மூடிவைக்கும்.

இந்த இடத்தில் அண்ணனின் உவமைக்கு ஒரு ஒட்டுப் போட வேண்டியிருந்தது. லஸ்கருக்குச் சம்பளம் துறையிலிருந்து வருகிறது. இங்கே லஸ்கரே வாய்க்காலிலிருந்து வருகிறார். ஆக்ட்4 என்ற புரதத்தைச் செய்யவும் ஒரு ஜீன் வேண்டும். அந்த ஜீனைத் திறக்கவும் ஒரு காரணி வேண்டும்.

"அப்ப அவரை யாரு தூக்கிவிடறது?"

2005ல் பாஸ்டன் பக்கத்தில் ரிச்சர்ட் யங் குழு மனித ஸ்டெம் செல்லில் தேடிக் கண்டது இதற்கான விடை. ஆக்ட்4, சாக்ஸ்2, நானாக் மூன்றும் தங்கள் சொந்த ஜீனின் ஷட்டரிலும் உட்கார்ந்திருந்தன, மற்ற இரண்டின் ஷட்டரிலும் உட்கார்ந்திருந்தன. ஒன்றையொன்று தாங்கும் வளையம். இதுபோக, மூன்றும் சேர்ந்து உட்கார்ந்திருந்த ஜீன்கள் குறைந்தது 353. அவற்றில் ஒரு பகுதி, ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாகவே இருக்கத் தேவையானவை, திறந்திருந்தன. இன்னொரு பகுதி, நரம்பு, தசை, கணையம் என்று கிளைபிரியச் சொல்லும் ஜீன்கள், மூடியிருந்தன. அடுத்து 2008ல் சிங்கப்பூர் மரபணுத்தொகுதி நிறுவனத்தின் குழு எலி ஸ்டெம் செல்லில் பதின்மூன்று காரணிகள் எங்கெங்கே உட்காருகின்றன என்று முழு டிஎன்ஏவுக்கும் வரைபடம் போட்டது. பல காரணிகள் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்வது அதில் தெளிவாகத் தெரிந்தது.

எத்தனை இஞ்சு தூக்குவது என்று அண்ணன் சொன்னாரே, அதற்கும் கணக்கு இருக்கிறது. ஹிதோஷி நிவா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 2000ல் எலி ஸ்டெம் செல்லில் ஆக்ட்4 அளவை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். வழக்கமான அளவில் இருந்தால் செல் அப்படியே இருக்கிறது. இரண்டு மடங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாகவே ஏற்றினாலும் கருவின் உள்படலம், நடுப்படலம் என்ற வழியில் பிரிந்துவிடுகிறது. குறைத்தால் நஞ்சுக்கொடிச் செல்லாகிவிடுகிறது. அதே செல், அதே டிஎன்ஏ, அதே புரதம். அளவு மட்டும் மாறி மூன்று தலைவிதி.

எழுத்து சரியாக இருந்தாலும் எல்லா இடமும் உட்காரத் தோதாக இருப்பதில்லை. நீட்டினால் இரண்டு மீட்டர் வரும் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளைச் சுற்றி இறுக்கிச் சுருட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு உருளையிலும் 147 எழுத்துத் துண்டு சுற்றியிருக்கும். சுருளுக்குள் மறைந்த எழுத்தைப் பெரும்பாலான காரணிகளால் படிக்க முடியாது. அமெரிக்காவின் வட கரோலைனாவில் தேசிய சுற்றுச்சூழல் நலவியல் நிறுவனத்தில் ராஜா ஜோதி குழு 2014ல் இதில் ஒரு முடிச்சை அவிழ்த்தது. எல்லா வகைச் செல்லிலும் இருக்கும் என்எஃப்-ஒய் என்ற சாதாரணக் காரணி சுருளை விலக்கி இடம் பிடித்துவைக்கிறது. ஸ்டெம் செல்லுக்கே உரிய பெரிய காரணிகள் அந்த இடத்தில் வந்து உட்காருகின்றன. என்எஃப்-ஒய் குறைந்தால் அங்கே சுருள் மூடிக்கொள்கிறது.

கிளைபிரிந்து போன செல் திரும்பி வருமா? செடிகொடியில் வரும். திருச்சி தாயனூரை ஒட்டி, தோகைமலை சாலையில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில், வாழைப்பூவின் முற்றாத ஆண் மொட்டிலிருந்து எடுத்த திசுவைக் கருச் செல்களாக்கி, அவற்றிலிருந்து முழு வாழைக்கன்றே வளர்க்கும் வேலை நடக்கிறது. விலங்குச் செல் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. 1962ல் ஜான் கர்டன், தவளையின் குடல் செல்லிலிருந்த உட்கருவை முட்டைக்குள் வைத்துத் தலைப்பிரட்டைகளை வளர்த்துக் காட்டினார். அதற்கு முட்டை வேண்டியிருந்தது. முட்டையே இல்லாமல் செய்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. 24 காரணிகளைச் சந்தேகப்பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, கடைசியில் நான்கே நான்கில் வந்து நின்றார்: ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4, சி-மிக். இவற்றின் ஜீன்களை எலியின் தோல் பகுதிச் செல்லில் ஏற்றியபோது, சில செல்கள் கருவின் ஸ்டெம் செல் போலவே ஆயின. அது 2006. அடுத்த வருஷமே மனிதச் செல்லில் செய்தார். 2012ல் கர்டனுக்கும் அவருக்கும் நோபல் பரிசு.

"சரி, நம்ம சுகருக்கு வாங்க."

வருவோம். ஸ்டெம் செல்லை அப்படியே உடம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்பது ஆய்வகங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு செல் வரிசை உண்மையிலேயே எதுவாகவும் மாறக்கூடியதுதானா என்று சோதிக்கும் பழைய முறையே அதுதான்: எலியின் உடம்பில் ஊசியால் செலுத்திப் பார்ப்பது. மாறக்கூடியது என்றால் அங்கே டெரட்டோமா என்ற கட்டி வளரும். அறுத்துப் பார்த்தால் உள்ளே தசை, குருத்தெலும்பு, குடல் திசு எல்லாம் ஒழுங்கில்லாமல் கிடக்கும். எதுவாகவும் மாறும் சக்தியை எவரும் வழிநடத்தாமல் விட்டால் கிடைப்பது கட்டி.

பீட்டா செல் வேண்டுமென்றால் வரிசையாகப் போக வேண்டும். முதலில் ஆக்ட்4 வளையம் தளர வேண்டும். பிறகு சாக்ஸ்17 எழுந்து குடல் வழிக்குத் திருப்ப வேண்டும். பிறகு பிடிஎக்ஸ்1. கணையம் உருவாவதற்கே இந்தக் காரணி வேண்டும். இதன் இரண்டு பிரதிகளும் பழுதாகிக் கணையமே இல்லாமல் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றி 1997ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் என்கேஎக்ஸ்6.1 போன்றவை வந்தாக வேண்டும். ஆய்வகத்தில் நாளுக்கு இவ்வளவு என்று வளர்ச்சிப் பொருள்களை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு காரணியையும் அதனதன் முறையில் எழுப்பி, ஒரு மாதம் போல வளர்க்கிறார்கள். அப்படிச் செய்த செல்களை, உடம்பு இன்சுலினே சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்த ஆய்வின் முடிவு 2025ல் வெளிவந்தது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. பெரிய வெற்றிதான். ஆனால் அந்தச் செல்களை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும்; தொற்று நோய்க்கு அது கதவைத் திறந்துவிடும். அண்ணனுக்கு இருப்பதோ இரண்டாம் வகை. அதில் இன்சுலின் இருந்தும் உடம்பு அதற்குச் சரியாகச் செவிசாய்க்காதது பெரிய பங்கு. புது பீட்டா செல் மட்டும் வந்து அதைத் தீர்த்துவிடாது.

"நம்ம பக்கத்துல யாரும் இதுல ஒண்ணும் பண்ணலியா?"

பண்ணுகிறார்கள். வேலூர் சிஎம்சியில் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இருக்கிறது.  எலும்பு மஜ்ஜையில் ரத்தம் செய்யும் ஸ்டெம் செல்லையும் அங்கே ஆராய்கிறார்கள். ஷட்டர் கணக்கு அங்கேயும் இதேதான். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஒருவகை ஹீமோகுளோபின். பிறந்து சில மாதங்களில் அது குறைந்து பெரியவர்களுக்கான வகை வருகிறது. பீட்டா தலசீமியா, அரிவாள் செல் சோகை இரண்டிலும் கெட்டிருப்பது இந்தப் பெரியவர் வகை. குழந்தை வகையை மறுபடி திறந்துவிட்டால் நோயின் கொடுமை தணியும். அதை மூடிவைக்கும் காரணி பிசிஎல்11ஏ என்பதை 2008ல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினார்கள். சிவப்பு ரத்தச் செல்லில் பிசிஎல்11ஏ ஜீனைத் திறக்கும் ஷட்டரை மட்டும் வெட்டிப் பழுதாக்கும் சிகிச்சைக்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் அனுமதி கொடுத்தது. ஜீனில் புரதத்துக்கான எழுத்துகளில் கை வைக்கவில்லை. அதனால் மற்ற செல்களில் அந்தக் காரணி தன் வேலையைத் தொடர்ந்து செய்கிறது.

வேலூர்க் குழு வேறொரு வழியில் போனது. குழந்தை வகை ஹீமோகுளோபின் ஜீனின் வாசலில் ஓரோர் எழுத்தாக மாற்றிக்கொண்டே போய், எந்த மாற்றம் ஜீனைத் திறக்கிறது என்று வரிசையாகத் தேடினார்கள். முடிவுகளை 2022ல் வெளியிட்டார்கள். அடுத்தடுத்து இருந்த இரண்டு இடங்களில் டி என்ற எழுத்தை சி ஆக்கியபோது, அதுவரை அங்கே வராத கேஎல்எஃப்1 என்ற காரணி உட்கார ஒரு புது இடம் உண்டாகி, ஜீன் திறந்தது. யமனாகா பயன்படுத்திய கேஎல்எஃப்4 இருக்கிறதே, அதன் பங்காளிதான் இந்த கேஎல்எஃப்1. 300 கோடி எழுத்தில் இரண்டே எழுத்து. இது இன்னும் ஆய்வகத்துச் செல் அளவில் கண்டது. நோயாளிக்குப் போக நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் எந்தச் செல், எந்த ஜீன், எந்த எழுத்து, எந்தக் காரணி என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் பதில் இருக்கிறது.

வீடியோவில் வருபவர்களிடம் இல்லாதது அதுதான். 'ஸ்டெம் செல்' என்பது ஒரு மருந்தின் பெயர் அல்ல. எந்தக் காரணிகள் பிடியில் இருக்கிறது, எதை நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறது என்று சொல்லாமல் அந்தப் பெயரை மட்டும் சொன்னால், சொன்னவர் ஒன்றுமே சொல்லவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சில ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போல ஏற்கெனவே நிலைபெற்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யச் சொல்கிறது. ஆய்வு என்றால் அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு எண் இருக்கும்; இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே உங்கள் வீட்டில் எவருக்காவது இப்படி ஓர் ஊசியைப் பரிந்துரைத்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: இது எந்தச் செல்? ஆய்வா, அனுமதி பெற்ற சிகிச்சையா? ஆய்வு என்றால் பதிவு எண் என்ன, எதற்குப் பணம்? பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள். இப்போது சாப்பிடும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.